கரண்ட் இல்லாத விளக்கு

போர்ட் பிளேரில் ஒரு வீட்டுக் கூடத்து விளக்கு அணைந்தால் முதற்பழி மின்நிலையத்தின்மேல் விழுகிறது. அதில் நியாயமும் உண்டு. அந்தமான் நிக்கோபார் தீவுகள் நாட்டின் மின்தொகுப்போடு இணைக்கப்பட்டவை அல்ல. வட அந்தமானின் கல்போங் நீர்மின் நிலையமும் சில சூரியமின் நிலையங்களும் தருவது போக, பெரும்பங்கு மின்சாரம் கப்பலில் வந்திறங்கும் டீசலை எரித்தே பெறப்படுகிறது. ஆயினும் பக்கத்து அறையில் மின்விசிறி சுழலும்போது கூடத்து விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பழுது வீட்டுக்குள்தான் இருக்கிறது. அப்போது வீட்டார் சொல்வது: "லைட்டுக்குக் கரண்ட் வரல." தமிழ்க் கல்விப்புலம் இந்த வாக்கியத்தைக் கண்டு கவலைகொள்ள வேண்டும். அது கலப்புத்தமிழ் என்பதற்காக அன்று. சொல்லுக்குச் சொல் அது உண்மையாக இருந்தும் ஆளைக் கொல்லக்கூடியது என்பதற்காக.

பல்பை மாற்றியாயிற்று. எம்சிபி விழவில்லை. சுவிட்சும் பழுதில்லை. கடலின் உப்புக்காற்றில் நியூட்ரல் கம்பியைப் பிடித்திருந்த பித்தளைத் திருகு பச்சைக் களிம்பேறி, தொடர்பு அறுந்துவிட்டது. சுற்று முழுமையடையாததால் விளக்கின் வழியே மின்னோட்டம் இல்லை. ஆனால் சுவிட்ச் போட்ட நிலையில் ஃபேஸ் கம்பி 230 வோல்ட்டை ஹோல்டர்வரை கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. விளக்கைக் கடந்து, அறுந்த நியூட்ரலின் நுனிவரை அந்த அழுத்தம் எட்டியிருக்கிறது. டெஸ்டரை வைத்தால் இரு முனையிலும் ஒளிரும். அங்கே மின்னோட்டம் இல்லை, மின்னழுத்தம் இருக்கிறது. விடுபட்ட பாதையை நிறைவு செய்யத் தொடுகிற கை ஒன்று போதும். 6 ஆம்பியர் எம்சிபி அதைக் கண்டுகொள்ளாது. உயிரைப் பறிக்க 1 ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதுமானது. ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலில் சுவிட்ச் வைத்துக் கட்டிய வீடுகளில் நிலைமை இன்னும் மோசம்: சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் உயிர் இருக்கும்.

மின்னோட்டம், மின்னழுத்தம், மின்வழங்கல் ஆகிய மூன்றையும் "கரண்ட்" என்ற ஒற்றைச் சொல் விழுங்கியிருக்கிறது. தீவின் பொதுமொழியான இந்தியில் குழப்பம் வேறு வகை. அங்கே "லைட்" போய்விட்டது என்றால் ஊருக்கே மின்சாரம் போய்விட்டது என்று பொருள். தமிழரின் "லைட் எரியல" ஒரு விளக்கைப் பற்றியது. தமிழ் வீட்டார் இந்தியில் புகார் சொல்லும்போது எந்த "லைட்" எந்தக் காதில் விழுகிறதோ!

இங்கே பேராசிரியர்கள் "அதற்குத்தான் கலைச்சொல் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது: "நடுநிலைக் கம்பி." யாருக்கும் தீங்கிழைக்காத சான்றோரைப் போன்ற பெயர். சுற்று சீராக இருக்கையில் ஃபேஸில் ஓடும் அதே மின்னோட்டம் இதிலும் ஓடுகிறது என்பதையும், அறுந்தால் இதுவும் தாக்கும் என்பதையும் அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. இலங்கைப் பாடநூல்களின் "உயிர்க்கம்பி" என்ற சொல்லிலாவது ஓர் எச்சரிக்கை இருக்கிறது. தமிழகத்தில் கலைச்சொற்கள் எண்ணிக்கையால் அளக்கப்படுகின்றன. பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்துச் சோதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

உள்ளபடியே துல்லியமாகப் பேசுபவர் எலக்ட்ரீஷியன்தான். "நியூட்ரல் கட்", "ரிட்டர்ன் வருது" என்ற இரண்டும் நோயறிதல் வாக்கியங்கள். வங்காளி உதவியாளருக்கும் தெலுங்கு மேஸ்திரிக்கும் இச்சொற்கள் புரியும். டெஸ்டர் ஒளிராததை மட்டும் நம்பக்கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். காய்ந்த மரத்தரையிலோ பிளாஸ்டிக் முக்காலியிலோ நிற்பவர் கையில் அது மங்கிப்போகலாம். ஆகவே அவர் டெஸ்ட் லாம்பின் இரு கம்பிகளையும் ஃபேஸிலும் நியூட்ரலிலும் வைத்துப் பார்ப்பார். எரியாவிட்டால் ஒரு கம்பியை ஃபேஸிலேயே வைத்து, மற்றதை எர்த்துக்கு மாற்றுவார். இப்போது எரிந்தால் அறுந்தது நியூட்ரல். மெயினை அணைத்த பிறகே அவர் திருகைத் தொடுவார். இந்த அறிவு முழுவதும் "கொச்சை" என்ற முத்திரையோடு பல்கலைக்கழக வாசலில் நிறுத்தப்படுகிறது. உள்ளே கருத்தரங்கில் "நியூட்ரலுக்கு" நான்காவது தமிழ்ச்சொல் முன்மொழியப்படுகிறது.

பாடநூல் மாணவருக்குக் காட்டுவது ஒரு மின்கலம், ஒரு பல்பு, ஒரு சாவி. சாவியைத் திறந்தால் எல்லாம் பாதுகாப்பு. அந்தமானின் தமிழ்வழி மாணவரின் வீட்டுக் கூரையில் இருப்பது அந்தச் சுற்று அன்று. அடுத்த பொதுத்தேர்வில் ஓமின் விதிக்குக் கீழே இந்த வினாவும் இருக்கட்டும்: விளக்கு எரியவில்லை, ஹோல்டரின் இரு முனையிலும் டெஸ்டர் ஒளிர்கிறது, எந்தக் கம்பி அறுந்திருக்கிறது, கைவைக்கும் முன் எதை அணைக்க வேண்டும்?