முத்திரை யாருடையது? யந்திரம் யாருடையது?

நமது வாலிபர்களுக்கு இன்று ஒரு புதிய உபதேசம் செய்யப்படுகிறது. "வருஷக்கணக்கில் படம் வரையப் பழகி ஏன் வீணாகிறாய்? செயற்கை நுண்ணறிவு யந்திரத்திடம் நாலு வார்த்தை சொல்; அது வரைந்து கொடுக்கும். அதில் உன் பெயரைப் பொறித்துக்கொள். உனக்கென்று ஒரு தனி முத்திரையை, ஒரு 'பிராண்டை' உண்டாக்கு. பிறகு நீயே முதலாளி!" பஞ்சாலைத் தொழிலாளியின் மகனும் விவசாயத் தொழிலாளியின் மகளும் செல்போனில் தினந்தோறும் கேட்பது இதைத்தான்.

பிள்ளைகள் மீது குற்றமில்லை. கையில் திறமை இருக்கிறது, வேலை இல்லை. ஒரு கதவு திறக்கிறது என்றால் எட்டிப் பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் கதவுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விசாரிப்பது தொழிலாளி வர்க்கத்தின் கடமை.

இந்த யந்திரம் வரையக் கற்றது எப்படி? 2022 ஆகஸ்டில் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனை எடுத்துக்கொள்வோம். இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடிப் படங்களையும் அவற்றின் விளக்கங்களையும் கொண்ட ஒரு தொகுப்பின் பகுதிகளைக் கொண்டே அது பழக்கப்பட்டது. ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் ஆயுள் முழுவதும் உழைத்துச் செய்த படங்கள் அவற்றில் உண்டு. அவர்களிடம் அனுமதி கேட்கவில்லை, கூலியும் கொடுக்கவில்லை. நம் குதிரிலிருந்து விதை நெல்லை அள்ளிக்கொண்டு போய், மறு வருஷம் அதையே நமக்கு வட்டிக்குக் கொடுக்கும் லேவாதேவிக்காரனை நமது கிராமங்கள் நன்கு அறியும். அந்த வட்டிக்கு இன்றைய பெயர் மாதச் சந்தா.

"தனி முத்திரை இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்" என்கிறார்களே, அது மெய்தானா? போலந்து நாட்டு ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியைப் பாருங்கள். பறக்கும் நாகங்களையும் பழங்காலப் போர்களையும் வரைவதில் உலகப் பெயர் பெற்றவர். அவரைவிடத் தெளிவான முத்திரை யாருக்கு வேண்டும்? 2022 செப்டம்பருக்குள் ஸ்டேபிள் டிஃப்யூஷனில் மட்டும் சுமார் 93,000 முறை, அவர் பெயரைச் சொல்லி அவர் பாணியில் படம் கேட்கப்பட்டிருந்தது. அவர் வரையாத படங்கள் அவர் பெயரோடு உலவின. 2025 மார்ச்சில் ஜப்பானின் ஜிப்லி நிறுவனத்துக்கும் இதே கதிதான். கைவேலையால் அது வளர்த்த பாணியில் லட்சக்கணக்கான குடும்பப் படங்கள் சில நாட்களில் வந்து குவிந்தன. முத்திரை அவர்களைக் காப்பாற்றவில்லை. எதை அள்ளலாம் என்று அள்ளுகிறவனுக்கு அடையாளம் காட்டியதே அந்த முத்திரைதான்!

சரி, யந்திரத்தை ஏவிப் படம் செய்கிறவருக்காவது அது சொந்தமா? 2022ல் அமெரிக்காவில் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் ஒருவர் இப்படிச் செய்த படம் முதற் பரிசு பெற்றது. 624 முறைக்குக் குறையாமல் யந்திரத்துக்குக் கட்டளை கொடுத்ததாக அவர் சொன்னார். ஆனால் யந்திரம் உண்டாக்கிய பகுதியை விலக்க அவர் சம்மதிக்காததால், 2023 செப்டம்பரில் அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகம் பதிவு செய்ய மறுத்துவிட்டது. நமது நாட்டின் 1957ம் வருஷச் சட்டம், 1994ல் செய்த திருத்தத்தின்படி, கம்ப்யூட்டர் உண்டாக்கும் படைப்புக்கு அதை உண்டாகச் செய்தவரே ஆசிரியர் என்கிறது. உண்டாகச் செய்தவர் ஏவிய வாலிபரா, யந்திரத்தின் சொந்தக்காரரா? சட்டத்தின் வாசகம் அதைப் பிரித்துச் சொல்லவில்லை. வயலில் பெயர்ப் பலகை குடியானவனுடையது. நிலமும் நீரும் களமும் மிராசுதாருடையவை. இதுதான் 'நீயே முதலாளி' என்பதன் அர்த்தம்.

நாம் யந்திரத்துக்கு விரோதிகளா? இல்லை. இங்கிலாந்தில் வயிறு காய்ந்த பின்னலாடைத் தொழிலாளர்கள் தறிச் சட்டங்களை உடைத்தார்கள்; 1812ல் அந்நாட்டுப் பார்லிமெண்ட் அதற்கு மரண தண்டனை விதித்துச் சட்டம் போட்டது. யந்திரம் வேறு, அதை மூலதனம் உபயோகிக்கும் விதம் வேறு என்பதை அனுபவத்தின் மூலமே தொழிலாளர்கள் பிரித்தறிந்தார்கள் என்று 1867ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் விளக்கினார். பாட்டாளியின் பிள்ளை இந்த யந்திரத்தையும் கற்கட்டும். ஆனால் அது யாருக்கு லாபம் அரைக்கிறது என்பதையும் சேர்த்துக் கற்கட்டும்.

நமது நகரங்களில் சினிமா பேனர்களைக் கையால் வரைந்த ஓவியர்களை எண்ணிப்பாருங்கள். பேனரின் மூலையில் அவர்கள் பெயரும் இருந்தது. பிளெக்ஸ் வந்தது. தனித்தனியே நின்றார்கள், தனித்தனியே வேலை இழந்தார்கள்.

இதற்கு நேர்மாறான அனுபவம் ஒன்றும் உண்டு. 2023 மே 2ந் தேதி ஹாலிவுட்டின் திரைக்கதை ஆசிரியர்கள் சுமார் 11,500 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜூலையில் நடிகர் சங்கமும் களத்தில் குதித்தது. 148 நாட்களுக்குப் பிறகு எழுத்தாளர்கள் ஒப்பந்தம் கண்டு திரும்பினார்கள். யந்திரத்தை ஆசிரியர் என்று காட்டக் கூடாது. அதை உபயோகிக்கும்படி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. யந்திரம் எழுதியதைக் கையில் கொடுத்தால் கம்பெனி அதைச் சொல்லியாக வேண்டும். இவை ஒப்பந்தத்தில் ஏறின. அவர்களில் பெரும் புகழ் பெற்றவர்களும் இருந்தார்கள். ஆனால் புகழ் எதையும் வாங்கித் தரவில்லை. சங்கம்தான் வாங்கித் தந்தது.

இங்கே மத்திய சர்க்காரின் நிலை என்ன? 2025 டிசம்பரில் தொழில் அமைச்சகத்தின் குழு ஒன்று யோசனை வெளியிட்டது. கம்பெனிகள் படைப்புகளை எடுத்து யந்திரத்தைப் பழக்கலாம். அதற்காக ராயல்டி செலுத்த வேண்டும். ஆனால் 'தரமாட்டேன்' என்று சொல்லும் உரிமை படைத்தவருக்கு இல்லை! கூலி கொடுக்க வேண்டும் என்ற அளவில் இது ஓரடி முன்னேற்றம்தான். ஆனால் மறுக்கும் உரிமையில்லாதவன் கூலி பேச முடியாது என்பது ஆலைத் தொழிலாளி அறியாத விஷயமா?

ஆகவே நாம் கோருகிறோம்: படைத்தவரின் சம்மதமின்றி யந்திரத்தைப் பழக்கக் கூடாது. எடுத்ததற்கு நியாயமான கூலி வேண்டும். அந்தக் கூலியைப் பேசும் சபையில் கலைஞர்களின் சங்கங்களுக்கு இடம் வேண்டும். யந்திரம் செய்த படத்தில் அந்த விவரம் அச்சிடப்பட வேண்டும்.

போர்டு எழுதுகிறவரும், சுவரெழுத்துக்காரரும், டிடிபி கடையில் வேலை செய்யும் பெண்ணும் தொழிலாளர்களே. அவர்களைத் தொழிற்சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். ஆயிரம் தனி முத்திரைகளால் முடியாததை ஒரு சங்கக் கொடி செய்து முடிக்கும்.