நிமிர்ந்தால் வலி, குனிந்தால் தணிவு

முதியவர் ஒருவர் நூறடி நடப்பதற்குள் கால் கனத்து, மரத்து, அருகிலுள்ள திண்ணையைத் தேடுவாராயின், 'வயதாகிவிட்டது' என்ற ஒரே சொல்லில் நாம் அவரை ஒதுக்கிவிடுகிறோம். அச்சொல் பல வேளைகளில் தவறு என்பதே என் கருத்து. அவருக்கு நேர்ந்திருப்பது முதுகெலும்புக் குழாய்ச் சுருக்கமாக இருக்கலாம்.

முதுகெலும்பின் நடுவே தண்டுவடமும், இடுப்புப் பகுதியில் கால்களுக்குச் செல்லும் நரம்புக் கற்றையும் அமைந்த குழாய் ஒன்றுண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் தேய்ந்து பிதுங்கும், மூட்டுகள் பருக்கும், தசைநார் தடிக்கும். இடம் குறையவே நரம்புகள் நெருக்குண்ணும். பிறவியிலேயே குழாய் குறுகியவர்க்கு இத்தொல்லை முன்னதாகவே வரும். டச்சு மருத்துவர் வெர்பீஸ்ட் 1954இல் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே மருத்துவ உலகம் இதனைத் தனி நோயாக நன்கு உணர்ந்தது.

இந்நோயின் விந்தை யாதெனில், நிமிர்ந்து நின்றால் குழாய் மேலும் சுருங்கும். குனிந்தால் சற்றே விரியும். ஆதலால் கடைவீதி வரை நடக்க இயலாதவர், முன்சாய்ந்தவாறு மிதிவண்டியில் நெடுந்தொலைவு சென்று வருவார். தொழுகையில் நெடுநேரம் நிற்க இயலாதவர், ருகூவிலும் ஸுஜூதிலும் ஆறுதல் பெறுவார். காண்போர், 'குனிய முடிகிறவருக்கு நிற்க மட்டும் முடியாதா?' என்று ஐயுறுகின்றனர். அவர் நாற்காலி இட்டுத் தொழுதால் அதற்கும் முணுமுணுப்பு! நோயாளி அமர்ந்து தொழ மார்க்கம் இடமளித்திருக்க, நாம் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? நோயைக் காட்டிலும் இந்த ஐயமே அம்முதியவரை வீட்டிற்குள் முடக்குகிறது.

காலின் இரத்தக் குழாய் அடைப்பிலும் நடந்தால் வலி வரும். அவ்வலி நின்றாலே தணியும். இதுவோ அமர்ந்தால் அல்லது குனிந்தால்தான் தணியும். புகைப்போரும் நீரிழிவுடையோரும் இவ்வேறுபாட்டை மருத்துவரிடம் தெளிவுறக் கூறுதல் நலம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஊர்களின் தோல் தொழிற்கூடங்களில், நனைந்த தோல்களைக் குனிந்து தூக்கியே வாழ்நாளைக் கழித்தோர் பலர். அவர்தம் நோய்க்கெல்லாம் தொழிலே காரணம் என்று கூறேன். எனினும் பெருஞ்சுமை முதுகின் தேய்மானத்தை மிகுவிக்கும் என்பதில் ஐயமில்லை. 1996இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் கழிவுநீரைப் பற்றிப் பேசாத தோல் முதலாளி இல்லை. தொழிலாளியின் முதுகைப் பற்றி அவ்வாறு பேசுவோர் எத்தனை பேர்? மேசையை இடுப்பளவு உயர்த்துவதும், சுமைக்குத் தள்ளுவண்டி தருவதும் பெருஞ்செலவன்று.

இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில்தான். 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்தவர். அவர் முயற்சியால் 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் எழுந்தது. இத்துணை அருகில் மருத்துவம் இருந்தும், நம்மவர் முதலில் நாடுவது எண்ணெய் தேய்த்து முதுகை மிதிப்போரையே. முடிதிருத்தகத்தில் கழுத்தை நெட்டி முறிக்கும் வழக்கமோ, கழுத்தில் சுருக்கம் உடையவர்க்குப் பேராபத்து. சட்டைப் பொத்தான் இட விரல்கள் தடுமாறுவதும், நடை தள்ளாடுவதும் கழுத்துச் சுருக்கத்தின் அறிகுறிகள்.

'முதுகில் கத்தி பட்டால் படுக்கைதான்' என்னும் அச்சமும் மிகையே. பலர்க்கு உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து ஆகியனவே போதும். ஆண்டுக்கணக்கில் நோய் முற்றாது நிற்பதும் உண்டு. அவற்றால் தீராது, நடை மேலும் குன்றினால், நரம்பை அழுத்தும் எலும்பை அகற்றி இடம் உண்டாக்குவர். கால் வலியும் நடையும் இதனால் பெரிதும் சீர்படும். முதுகுவலி முழுதும் நீங்கும் என்று எதிர்பார்த்தல் ஆகாது.

ஒன்றில் மட்டும் காலந்தாழ்த்தல் கூடாது. சிறுநீர் பிரியாமல் தடைப்பட்டாலோ, அறியாமல் கழிந்தாலோ, தொடைகளின் நடுப்பகுதி மரத்துப்போனாலோ, கால்கள் திடீரென வலுவிழந்தாலோ, இரவாயினும் அப்பொழுதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.