கணித ஆசிரியர் நியமனத்தில் கணக்குச் சூது

சர்வகலாசாலையில் கணித ஆசிரியர் நியமனம் செய்தால் ஆலைத் தொழிலாளிக்கும் பண்ணையாளுக்கும் அதிலென்ன என்று சிலர் கேட்கக்கூடும். திருவாரூரில், நெல் விளையும் பூமியில், 2009ல் மத்திய பல்கலைக்கழகம் துவங்கியது. கூலிக்காரர் மகள் அங்கே கணிதம் படிக்கலாம். பாடம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் அவள் நிற்க முடியுமா என்பதே பிரச்னை.

மத்திய சர்க்கார் நியமனங்களில் நூற்றுக்கு 15 தாழ்த்தப்பட்டோருக்கு, ஏழரை பழங்குடியினருக்கு, 27 பிற்பட்டோருக்கு. ஆனால் எதை வைத்து எண்ணுவது? 2017ல் அலகாபாத் ஹைகோர்ட், ஒவ்வொரு துறையையும் தனித்தனியே எண்ண வேண்டும் என்றது. 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு அதையே உத்தரவாக்கியது.

விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். 27 சதம் நாலாவது இடத்தில்தான் ஒரு முழு ஆளாகும். 15 சதம் ஏழாவது இடத்தில். ஏழரை சதம் பதினாலாவதில். கணிதத் துறையில் உதவிப் பேராசிரியர் ஆறு பேர் என்றால், பிற்பட்டோருக்கு ஒன்று, தாழ்த்தப்பட்டோருக்குப் பூஜ்யம். பேராசிரியர் பதவி ஒன்றிரண்டு இருந்தால் எல்லோருக்குமே பூஜ்யம்தான். இப்படி ஆறு ஆறு பேராக முப்பது துறைகள் என்று வைத்துக்கொள்வோம். 180 இடங்களையும் சேர்த்து எண்ணினால் தாழ்த்தப்பட்டோருக்கு 27. பிரித்து எண்ணினால் ஒன்றுகூடக் கிடையாது!

சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் அப்பீலைத் தள்ளியது. ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். மார்ச் 5ல் பாரத் பந்த். இரண்டே நாளில் அவசரச் சட்டம் பிறந்தது. (பொதுத் தேர்தல் வாசலில் நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.) ஜூலையில் அது சட்டமாயிற்று: கல்வி நிறுவனம் முழுவதும் ஒரே அலகு. சில ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு அதிலும் விலக்கு!

இப்போது வேறு கதவு வழியே சூது நுழைகிறது. "தகுதியானவர் கிடைக்கவில்லை" என்று எழுதி இடத்தைக் காலியாகப் போட்டுவிடுவது. அப்படிக் கிடக்கும் இடங்களைப் பொதுவில் சேர்க்க வழிசெய்யும் நகல் விதி ஒன்றை மானியக் குழு 2023 டிசம்பரில் வெளியிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும், ஒரு இடத்தையும் மாற்றமாட்டோம் என்று 2024 ஜனவரியில் கல்வி மந்திரி இலாகா பின்வாங்கியது.

கணிதத்துக்குத் தகுதி வேண்டும், நாம் மறுக்கவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள், வகுப்பெடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தறி ஓட்டத் தெரியாதென்று மேஸ்திரி சொன்னால், தறியில் நிறுத்திப் பார் என்று கேட்கிறவர்கள் நாம். பேட்டி அறைக்குள் நாலைந்து பேர் சொல்லும் ஒற்றை வார்த்தைக்குக் காரணம் எழுத்தில் வேண்டும். காலியாக விடப்பட்ட இடங்களின் கணக்கு, துறைவாரியாக, ஆண்டுதோறும் பார்லிமெண்டில் வைக்கப்பட வேண்டும். ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் தந்த விலக்கை ரத்துச் செய்ய வேண்டும்.