காந்தத்துக்குக் கட்டுப்படும் சோப்பு

உலோகம் சோப்பை என்ன பாடு படுத்தும் என்பது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் துணி துவைப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. திரிந்த பால் மாதிரி ஒரு வெள்ளைப் பிசுக்கு வாளி விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். ‘உப்புத் தண்ணி’ என்று அலுத்துக்கொள்வார்கள். உண்மையில் இது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் செய்யும் வேலை.

குளியல் சோப்பிலும் ஓர் உலோகம் உண்டு, சோடியம். அது தண்ணீரில் பிரிந்து சோப்பு மூலக்கூறை விட்டுவிடும். மூலக்கூறின் தலை தண்ணீரை நாடும், வால் எண்ணெயை நாடும். ஓரளவுக்கு மேல் சேர்ந்ததும் அவை வால்களை உள்ளே மடக்கி, தலைகளை வெளியே நீட்டி, நுண்ணிய உருண்டைகளாகத் திரளும். இந்த உருண்டைக்குப் பெயர் மைசெல். துணியில் உள்ள எண்ணெய்ப்பசை இதற்குள் புகுந்துகொண்டுதான் தண்ணீரோடு வெளியேறுகிறது. கால்சியம் அப்படி விட்டுவிடாது. ஒரு கால்சியம் அயனி இரண்டு சோப்பு மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொள்வதால் அவை கரையாமல் பிசுக்காக ஒதுங்குகின்றன. அதே கொழுப்பு அமிலத்தோடு லித்தியத்தைச் சேர்த்தால் கிடைப்பது வண்டி பேரிங்குகளுக்குப் போடும் கிரீஸின் மூலப்பொருள்!

சோப்பு மூலக்கூறுகள் தண்ணீரில் கூட்டம் கூடுகின்றன என்று 1913-ல் எடுத்துச் சொன்னவர் ஜேம்ஸ் வில்லியம் மெக்பெயின். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வேதியியலாளர். அவரே பிற்காலத்தில் புணேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக இந்தியா வந்தார்.

அதே பிரிஸ்டலில் 2012-ல் ஜூலியன் ஈஸ்டோவின் குழு இரும்பு கலந்த சோப்பு ஒன்றை அறிவித்தது. வாய் கொப்பளிக்கும் திரவங்களிலும் துணி மென்மையாக்கிகளிலும் இருக்கும் வகையைச் சேர்ந்த மூலக்கூறுகளோடு இரும்பு குளோரைடைச் சேர்த்துச் செய்தது அது. சோதனைக் குழாயின் அடியில் இந்தச் சோப்புக் கரைசல், அதன்மேல் எடை குறைந்த ஒரு கரிமத் திரவம். மேலே காந்தத்தைக் கொண்டுபோனதும் கரைசல் புவியீர்ப்பையும் பரப்பு இழுவிசையையும் மீறி, மேலே இருந்த திரவத்தின் ஊடாகக் காந்தத்தை நோக்கி எழும்பியது. கரைசலில் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் இரும்பு அயனிகள் காந்தத்துக்கு இப்படி இணங்கும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை. பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் உள்ள லாவே–லாஞ்ஜவான் ஆய்வு நிலையத்தில் நியூட்ரான்களைச் செலுத்திப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. இரும்பு சிதறிக் கிடக்கவில்லை, சிறுசிறு திரள்களாகக் கூடியிருந்தது.

வேதியியல் விந்தை என்று ரசித்துவிட்டுக் கடந்துபோகக் கூடிய செய்தி அல்ல இது. நீரில் இறங்கிய சோப்பைத் திரும்ப எடுக்க முடியும் என்ற எண்ணத்துக்கே இது வழி திறக்கிறது. அந்த எண்ணம் நமக்கு மிக அவசரமாகத் தேவைப்படுகிறது. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தபோது, எண்ணெயைச் சிதறடிக்க சுமார் 70 லட்சம் லிட்டர் சிதறடிப்பான் கடலில் கொட்டப்பட்டது. அதன் உயிர்நாடியும் சோப்பு இன மூலக்கூறுகளே. கொட்டியதில் ஒரு சொட்டைக்கூடத் திரும்ப எடுக்க வழியில்லை. சிந்திய எண்ணெயைத் திரும்ப எடுப்பதும் எளிதாக இல்லை: 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். ஓசூர் கெலவரப்பள்ளி அணையிலும் சென்னை பட்டினப்பாக்கம் கடற்கரையிலும் நுரை மலைபோல் பொங்கிய படங்களை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அந்த நுரையில் கழிவுநீரோடு வந்த டிடர்ஜென்டுக்கும் பங்குண்டு. பட்டினப்பாக்கத்தில் குழந்தைகள் அதை அள்ளி விளையாடினார்கள்.

அதற்காக இரும்புச் சோப்பை நாளைக்கே கடலில் கொட்டலாம் என்று பொருளில்லை. இரும்பு குளோரைடு நீரை அமிலமாக்கும். நீர் கூடக் கூட இரும்பு மூலக்கூறோடு ஒட்டியிருப்பதும் சந்தேகமே. அதைத் தாங்கும் மூலக்கூறு மீன்களுக்கு ஆகாத வகையைச் சேர்ந்தது. இரும்புக்குப் பதில் செம்பையோ கோபால்ட்டையோ வைத்தால் நச்சுக் கவலை இன்னும் கூடும். குழாய்க்குள் சில மில்லிலிட்டரைக் காந்தம் தூக்கியது என்பதால் அலையடிக்கும் கடலிலும் அது நடந்துவிடாது.

ஆனால் அந்தச் சோதனை எழுப்பும் கேள்வியை இன்றைக்கே கேட்கலாம். துறைமுகங்களும் எண்ணெய் நிறுவனங்களும் எண்ணெய்க் கசிவுக்கென்று எந்தச் சிதறடிப்பானை வாங்கி வைத்தாலும், சாயப்பட்டறையிலிருந்து சலவை ஆலை வரை எந்தத் தொழிற்சாலை டிடர்ஜென்ட் கலந்த நீரை வெளியேற்ற அனுமதி கேட்டாலும், அரசு முதலில் கேட்க வேண்டியது இதுதான்: தண்ணீரில் விடுவதைத் திரும்ப எடுக்க உங்களிடம் என்ன வழி இருக்கிறது?