அம்மா 'சும்மா' இருக்காங்களா?



போன மாதம் வகுப்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். 'தாயின் தொழில்' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. சென்ற வருடம் வரை 'கணக்காளர்' என்று எழுதுவேன். இந்த முறை 'இல்லை' என்று எழுதினேன். அம்மா அதைப் படித்தார்கள். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆயாவுக்குக் கஞ்சி ஆற்றப் போய்விட்டார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கோடை விடுமுறையில் எங்கள் ஆயாவுக்கு (அப்பாவின் அம்மா) பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் வராது. அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. அண்ணன் சென்னையில் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். நான் படிக்கிறேன். யார் வேலையை விடுவது என்று வீட்டில் ஒருவரும் பேசவில்லை. பேசாமலே முடிவாகிவிட்டது! அம்மாவுக்கு 14 வருட வேலை போயிற்று.

வேலையை விட்டால் ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தேன். முதல் வாரம் பழக்கதோஷத்தில் அம்மா தனக்கும் சேர்த்து டிபன் பாக்ஸ் கட்டிவிட்டார்கள். மதியம் ஆயா கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதையே திறந்து சாப்பிட்டார்களாம். ஆயா சொல்லிச் சிரித்தார்கள். (பேச்சு குழறும், கிண்டல் மட்டும் குறையவில்லை!) எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகிற காலை பஸ்ஸின் ஹாரன் கேட்டால் அம்மா இன்னமும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பூ வாங்க 20 ரூபாய் என்றாலும் அப்பாவிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அப்பா கணக்குக் கேட்பதில்லை. ஆனாலும் கேட்பது கேட்பதுதானே?

வருகிற சொந்தக்காரர்களோ, "இப்ப நீ சும்மாதானே இருக்கே" என்கிறார்கள்.

எது சும்மா? மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான். அப்படிச் செய்பவர்கள் நூற்றுக்கு 26 பேர் மட்டுமே. சம்பளம் இல்லை என்பதால் இது வேலையே இல்லை என்று ஆகிவிடுமா? 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு ஒரே பிரிவில் சேர்த்ததை உச்ச நீதிமன்றமே 2010-இல் கண்டித்தது. நான் 'இல்லை' என்று எழுதியதும் அதே தப்புதான்.

இன்னொன்று. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள 730 நாள் விடுப்பு 2008-இல் வந்தது. நல்ல விஷயம். ஆனால் வயதான பெற்றோரைப் பார்க்க? ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு போன்ற வழக்கமான விடுப்புகளை எடுத்துக்கொள்ளலாம் என்று 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார்கள். பக்கவாதம் 30 நாளில் சரியாகிற நோயா? அம்மா வேலை பார்த்த இடத்தில் அதுவும் கிடையாது. முதியோரைக் கவனிக்கவும் தனி விடுப்பு வேண்டும், அதை ஆண்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பெண்களுக்கு மட்டும் கொடுத்தால் மறுபடியும் அம்மாக்கள் தலையில்தான் விழும்.

"மாமியாரைப் பார்ப்பது மருமகள் கடமைதானே?" என்று என் தோழி கேட்டாள். 2004 டிசம்பர் 26 அன்று அப்பா, அம்மா இருவரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கடல் உள்ளே வந்தபோது கைக்குழந்தையாக இருந்த அண்ணனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியவர் ஆயா. அப்படியானால் ஆயாவுக்குக் கடன்பட்டவன் யார்? இதை அண்ணனிடமே கேட்டேன். முதலில் கோபித்துக்கொண்டான். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் வருகிறான். ஆயாவைப் புரட்டிப் படுக்க வைக்கக் கற்றுக்கொண்டான். தினமும் மாலை 5 முதல் 7 வரை என் முறை. அந்த நேரத்தில் அம்மா வெளியே போகலாம் என்றோம். முதல் நாள் எங்கே போவதென்று தெரியாமல் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்துவிட்டார்கள். இப்போது ஒரு கடைக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார்கள்.

வகுப்பாசிரியையிடம் வேறு படிவம் கேட்டு வாங்கினேன். "என்னம்மா எழுத?" என்றேன். 'இல்லத்தரசி' என்றால் அம்மாவுக்குப் பிடிக்காது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்கள்:

"கணக்காளர்னே எழுது. லீவுல இருக்காங்கன்னு பக்கத்துல போடு."

– 11-ஆம் வகுப்பு மாணவி, கல்பாக்கம்