காளைக்கு டாக்டர் உண்டு, கபடி வீரனுக்கு?
"டிரெயினர்" படிப்பு எங்கே? பிளஸ் ஒன்னிலேயே கோட்டை விடும் வாலிபர்கள்

திண்டுக்கல்:

புகையிலைப்பட்டியில் ஜல்லிக்கட்டு என்றால் ஒவ்வொரு காளையையும் கால்நடை டாக்டர் பார்த்த பிறகுதான் வாடிவாசலுக்கு விடுவார்கள். மாடு பிடிக்கிற வாலிபருக்கும் உடல் பரிசோதனை உண்டு. ஆம்புலன்ஸ் தயாராக நிற்க வேண்டும். தமிழக அரசு 2017-ல் போட்ட விதி இது.

திருவிழா ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் நடக்கிறதே கபடி, அதற்கு?

"ஐஸ் வைடா!" "காலை உதறுடா, சரியாப் போயிடும்!"

இவ்வளவுதான் வைத்தியம். ஒரு ஸ்பிரே டப்பா, ஒரு பக்கெட் ஐஸ். மிஞ்சிப் போனால் மறுநாள் புத்தூர் கட்டு.

வேடசந்தூர், வடமதுரை, நிலக்கோட்டைப் பக்கம் கபடி ஆடாத கிராமம் குறைவு. ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போது முட்டி ஜவ்வு கிழிவது இந்த ஆட்டத்தில் சகஜம். கிழிந்த அன்று வீக்கம் வரும். பத்து நாளில் வீக்கம் வடிந்துவிடும். வலி போய்விட்டதே என்று பையன் மறுபடி இறங்குவான். இரண்டாம் தடவை முட்டி நழுவும்போது உள்ளே இருக்கும் மெத்தை போன்ற குருத்தெலும்பும் சேர்ந்து போகும். அப்புறம் ஆபரேஷன்தான்.

முதல் நாளே முட்டியை அசைத்துப் பார்த்து, "தம்பி, நீ இனிமே இந்த மேட்ச் ஆடக் கூடாது" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால்? அந்த ஆளுக்குத்தான் அமெரிக்காவில் "அத்லெடிக் டிரெயினர்" என்று பெயர்.

பண்ருட்டியும் பஃபலோவும்

முட்டி போனால் காலோடு போச்சு. நெஞ்சு நின்றால்?

2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஒரு கிராமத்துக் கபடிப் போட்டி. பாடிப் போன வாலிபரை எதிரணியினர் மடக்கினார்கள். அவர் எழுந்திருக்கப் பார்த்தார், அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது உயிர் இல்லை. கூட்டம் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே நடந்தது.

ஆறு மாதம் கழித்து, 2023 ஜனவரி 2-ம் தேதி. அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் பஃபலோ பில்ஸ் அணியின் டமார் ஹேம்லின் நெஞ்சில் அடிபட்டு விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. உதவி டிரெயினர் டென்னி கெலிங்டன் ஓடிப் போய் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி மைதானத்திலேயே இருந்தது. ஹேம்லின் பிழைத்தார், அதே வருடம் மறுபடி ஆடவும் வந்தார்.

பண்ருட்டி வாலிபரும் பிழைத்திருப்பார் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே கோளாறு என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கணக்கு டாக்டர்களுக்குத் தெரியும். இதயம் நின்ற பிறகு நெஞ்சை அழுத்தாமல், அதிர்ச்சியும் கொடுக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறையும். 108 வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் கிராமத்துக்கு வந்து சேர அந்த நேரம் போதாது.

வெயில் அடியும் அப்படித்தான். சித்திரை வெயிலில் ஆடியவன் உளற ஆரம்பித்து மயங்கினால், வண்டியில் ஏற்றுவதா, தண்ணீரில் முக்குவதா? முதலில் ஐஸ் தண்ணீரில் குளிர வைக்க வேண்டும், பிறகுதான் வண்டி என்பது டிரெயினர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம். நம் ஊரில் முதலில் சோடா வாங்க ஓடுவார்கள்!

தசை காட்டினால் டிரெயினர்!

இங்கே டிரெயினர் என்றதும் ஜிம்மில் தண்டால் எடுக்கச் சொல்லும் ஆள்தான் ஞாபகத்துக்கு வருகிறார். கிரிக்கெட் அணியில் டிரெயினர் என்றால் ஓட விட்டு உடம்பை இறுக்குகிறவர். அமெரிக்காவிலும் இதே குழப்பம் உண்டு என்று அங்குள்ள டிரெயினர்கள் புலம்புவார்கள்.

ஆனால் அங்கே சட்டம் கறார். அவர்களுடைய தேசிய சங்கம் 1950-லேயே ஆரம்பித்தது. 1990-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை மருத்துவத் துணைத் தொழிலாக ஒப்புக்கொண்டது. முன்பு பி.ஏ., பி.எஸ்சி. மாதிரி இளநிலைப் பட்டத்திலேயே டிரெயினர் ஆகலாம். அது போதாது, முதுநிலைப் பட்டம் வேண்டும் என்று 2015-ல் முடிவு செய்தார்கள். 2022 இலையுதிர் காலத்துக்குப் பிறகு இளநிலைப் படிப்பில் புதிதாக ஆள் சேர்ப்பது நின்றுபோனது. முதுநிலை முடித்து, தேசியப் பரீட்சை எழுதி, மாநில லைசென்ஸும் வாங்க வேண்டும். (கலிபோர்னியா மட்டும் நெடுங்காலம் லைசென்ஸ் கேட்காமல் இருந்தது. எல்லா ஊரிலும் ஒரு கலிபோர்னியா உண்டு!)

இதனால் படிப்புச் செலவு ஏறிவிட்டது, ஆள் கிடைக்கவில்லை என்று அங்கேயே முணுமுணுப்பு உண்டு. அது வேறு கதை.

இங்கே எத்தனை கதவு?

உடற்கல்வியில் தமிழ்நாடு ஒன்றும் பின்தங்கிய ஊர் இல்லை. சென்னை நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920-ல் ஆரம்பித்தார். ஆசியாவிலேயே பழமையான உடற்கல்விக் கல்லூரிகளில் ஒன்று அது. காரைக்குடியில் அழகப்பா உடற்கல்விக் கல்லூரி. சென்னைக்கு வெளியே மேலக்கோட்டையூரில் விளையாட்டுக்கென்றே தனிப் பல்கலைக்கழகம். 2004-ல் சட்டம் போட்டு உண்டாக்கியது.

அங்கெல்லாம் படிப்பது பி.பி.எட்., எம்.பி.எட். இரண்டும் இரண்டிரண்டு வருடம். படித்து வந்தால் உடற்கல்வி ஆசிரியர். கோச் ஆக வேண்டுமென்றால் பஞ்சாபில் பாட்டியாலாவுக்குப் போகலாம். 1961-ல் ஆரம்பித்த தேசிய விளையாட்டுக் கழகம் அங்கே இருக்கிறது.

அடிபட்ட முட்டியைத் தொட்டுப் பார்க்கும் படிப்போ வேறு பக்கம் இருக்கிறது. அது பிசியோதெரபி. பி.பி.டி. என்றால் நான்கு வருடம் பாடம், அதற்கு மேல் ஆஸ்பத்திரியில் பயிற்சி. பிறகு எம்.பி.டி. இரண்டு வருடம்; அதில் விளையாட்டு என்று தனிப் பிரிவு எடுக்கலாம். அமெரிக்க டிரெயினருக்கு நம் நாட்டில் கிட்டத்தட்ட சமமான படிப்பு இதுதான். மத்திய அரசின் 2021-ம் வருட சட்டம் பிசியோதெரபியை மருத்துவத் துணைத் தொழிலாகச் சேர்த்திருக்கிறது.

இங்கேதான் கபடிப் பையன் மாட்டுகிறான்.

பி.பி.டி.க்கு பிளஸ் டூவில் உயிரியல், வேதியியல், இயற்பியல் வேண்டும். பிராக்டிஸ், டோர்னமெண்ட் என்று அலைகிற பையன் பத்தாம் வகுப்பு முடிந்ததும் என்ன எடுக்கிறான்? "சயன்ஸ் வேண்டாம்டா, ஆர்ட்ஸ் குரூப் எடுத்துக்கோ, ஈஸியா இருக்கும்" என்கிறார்கள் வீட்டிலும் பள்ளியிலும். பதினைந்து வயதில் ஒரு கட்டத்தில் பேனாவை வைத்ததோடு கதவு மூடிவிடுகிறது. பிற்பாடு பி.பி.எட்., எம்.பி.எட். என்று எத்தனை பட்டம் வாங்கினாலும் எம்.பி.டி.யில் இடம் இல்லை. அதற்கு பி.பி.டி. கட்டாயம்.

அமெரிக்காவில் எந்தப் பட்டம் படித்தாலும் சரி. நடுவில் உயிரியல், வேதியியல், உடற்கூறு போன்ற சில பாடங்களை முடித்திருந்தால் டிரெயினர் முதுநிலைக்கு மனுப் போடலாம். அவனுக்கு இருபது வயதில் புத்தி வந்தாலும் வழி உண்டு. நம் பையனுக்கு இல்லை.

வேலை எங்கே?

சரி, எப்படியோ எம்.பி.டி. முடித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஆறு வருடத்துக்கு மேல் படித்தவர் திண்டுக்கல்லில் போர்டு மாட்டினால் வருவது முட்டி வலிக்காரப் பாட்டியும், பக்கவாதம் வந்த பெரியவரும். கபடிக் கமிட்டி அவரைத் தேடி வராது. கமிட்டி நோட்டீஸில் முதல் பரிசு, சுழற்கோப்பை, ஒலிபெருக்கி, விருந்து எல்லாவற்றுக்கும் உபயதாரர் பெயர் இருக்கும். மருத்துவம் என்ற வரி இருக்காது.

பள்ளிக்கூடம்? அரசே 2012-ல் உடற்கல்வி, ஓவியம், கம்ப்யூட்டர் என்று 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தது. 2024-ல் அது 12,500 ரூபாய் ஆனது. பி.டி. மாஸ்டருக்கே இந்தக் கதி என்றால், அவருக்கு மேல் ஒரு டிரெயினரை யார் வைப்பார்?

காசு இருக்கும் இடத்தில் கதையே வேறு. நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் டி.என்.பி.எல். கிரிக்கெட் நடக்கும்போது போய்ப் பாருங்கள். ஆட்டக்காரர் தொடையைப் பிடித்துக்கொண்டு குனிந்தால் போதும், பையோடு ஒருவர் உள்ளே ஓடுவார். 2024-ல் கோப்பை வாங்கிய திண்டுக்கல் டிராகன்ஸ் பெயரில்தான் நம் ஊர் இருக்கிறது. அந்தப் பைக்காரர் நம் ஊர்க் கபடிக்கு வருவதில்லை.

ஜல்லிக்கட்டுக்கும் இதே கதைதான் இருந்தது. விதி வந்தது, டாக்டர் வந்தார். கபடிக்கு அனுமதி கேட்டுப் போலீசுக்கு மனுக் கொடுக்கிறார்களே, அந்த மனுவில் "மைதானத்தில் பயிற்சி பெற்ற ஆள் யார்?" என்று ஒரு கேள்வி சேர்த்தாலே பத்துப் பிசியோதெரபிஸ்டுக்குச் சீசனில் வேலை கிடைக்கும். திண்டுக்கல்லில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாகிவிட்டது. நெஞ்சை அழுத்தும் முறையைக் கற்றுக்கொள்ள ஒரு நாள் வகுப்பே போதும். கமிட்டிக்கு இரண்டு பேர் வந்து உட்கார்ந்தால் சரி.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பிளஸ் ஒன் சேர்க்கை ஆரம்பித்துவிடும். கபடியும் ஆடி, உயிரியலும் எடுக்கத் துணிகிற பையன் வீட்டில் இருந்தால், "ஈஸி குரூப்" என்று அவனைத் திருப்பி விடுவதற்கு முன்பு அப்பா ஒரு தடவை பி.பி.டி. கல்லூரியில் போய் விசாரித்து வரலாம்.