குளிர்ந்த சுவர் யாருக்கு?

தில்லியில் நான் குடியிருப்பது நான்கு மாடிக் கட்டடமொன்றின் உச்சித்தளம். மே மாதத்தில் நள்ளிரவு கடந்தும் கூரை அனலைக் கக்கும். மின்விசிறி அவ்வனலைக் கீழே தள்ளும். அத்தகைய ஓர் இரவில்தான் குடியிருப்புகளுக்கான எரிசக்தி விதிகள் பற்றிய கட்டுரையொன்றைத் தமிழாக்க அமர்ந்தேன். 'எரிசக்திச் சிக்கனம்' என்றெழுதி அடித்துவிட்டேன். வழக்கிலுள்ள சொல்தான். ஆயினும் ஒரு விளக்கும் ஒரு விசிறியும் மட்டுமே உள்ள தொழிலாளி எதைச் சிக்கனப்படுத்துவார்? அவர் இழப்பது மின்சாரத்தை அல்ல, உறக்கத்தை.

சில ஆண்டுகளுக்கு முன் திருவனந்தபுரத்தில், லாரி பேக்கரின் முறையில் கட்டப்பட்ட தோழர் ஒருவரின் இல்லத்தில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். செங்கற்களைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவதால் சுவரின் நடுவே வெற்றிடம் உண்டாகிறது. 'எலிப்பொறிக் கட்டு' என்பார்கள். ஏறத்தாழக் கால்பங்கு செங்கல் மிச்சம். இடையில் நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு உட்சுவரில் கைவைத்தேன், சூடில்லை. குறைகளும் உண்டு. காற்றுக்கென விட்ட செங்கல் துளைகள் வழியே மாலையில் கொசு நுழைந்தது. மழைநாளில் சாரலும் அடித்தது. என் அறையில் பகலிலேயே விளக்கேற்றித்தான் படிக்க முடிந்தது. ஆனால் ஏழு இரவும் உறங்கினேன். இம்முறையைப் பரப்பிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பை 1985இல் பேக்கருடன் சேர்ந்து தொடங்கியவர்களுள் முன்னாள் முதல்வர் சி.அச்சுத மேனனும் பொருளியலறிஞர் கே.என்.ராஜும் அடங்குவர். நம் இளந்தோழர்கள் பலர் இதனை அறியார்.

ஆக, குளிர்ந்த வீடு செல்வந்தரின் தனியுரிமையாக இருக்க வேண்டியதில்லை. சட்டமோ வேறுவிதமாக நினைக்கிறது. 2018இல் ஒன்றிய அரசு வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா', குளிர்மண்டலம் நீங்கலாக, புறச்சுவர்கள், சாளரங்கள் வழியே உட்புகும் வெப்பத்திற்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என வரம்பிட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கென வகுக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 100 கிலோவாட் மின்இணைப்புச் சுமையை எல்லையாகக் கொண்டது. மாநிலங்கள் விரும்பினால் இதனைக் குறைக்கலாம். 30 சதுர மீட்டர் வீட்டில் வாழ்பவர் இக்கணக்கில் எங்கே வருகிறார்?

அந்த வீடேனும் வீடு. கோடுகள் போட்ட வரைபடத்தின்படி வெப்பம் புகாக் கண்ணாடியைப் பொருத்துகிற தொழிலாளி, மாலையில் தகரக் கொட்டகைக்குத் திரும்புகிறார். 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின் 34ஆம் பிரிவு, வேலைத்தலத்திலோ அருகிலோ இலவசத் தங்குமிடம் தர வேண்டும் என்றது. சமையலிடம், குளியலிடம், கழிப்பிடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டது. கூரையின் வெம்மை பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மாநிலங்களில் நம் தோழர்கள் இரண்டைக் கோரலாம். மனை, மின்சுமை வரம்புகளைத் தாழ்த்தி அரசு கட்டித்தரும் சிறு வீடுகளையும் விதிகளுக்குள் கொணர வேண்டும். ஒற்றைத்தள வீட்டிலும் உச்சித்தளத்திலும் வெப்பம் பெரிதும் கூரைவழியே இறங்குவதால், அக்கூரைகளுக்கு வெள்ளைப்பூச்சேனும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். கட்டுமானச் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் கூலிக்கும் வேலைநேரத்திற்கும் அடுத்ததாகக் கொட்டகையின் கூரை இடம்பெறட்டும். அடுத்த மே மாதத்திற்கு முன்பே.